படகில் பதினோரு நிமிடம்

அவளுக்கு வீடியோ கேம் பிடிக்காது. பிடிக்காத ஒன்றை எட்டு வருடமாகக் காலையிலிருந்து மாலை வரை ஆடிக்கொண்டிருந்தாள். சம்பளத்துக்கு ஆடுகிறவள். ஜெயிப்பதற்காக அல்ல, எங்கே உடைகிறது என்று பார்ப்பதற்காக. சுவர் என்று ஒன்று இருந்தால் அதில் நூறு இடத்தில் முட்டிப் பார்ப்பாள். கதவு திறக்கும்போதே திரும்பி ஓடுவாள், ஓடும்போதே குதிப்பாள், குதித்து அந்தரத்தில் இருக்கும்போதே ஆட்டத்தை நிறுத்திவிட்டு மறுபடி தொடங்குவாள். புத்தி தெளிவாக உள்ள மனிதர் யாரும் செய்யாததை எல்லாம் செய்வாள். ஆட்டம் கடைக்குப் போனதும் லட்சம் பேர் அதைத்தான் செய்யப்போகிறார்கள்.

ஆபீஸில் அவளுக்குச் 'சல்லடை' என்று பெயர். கெட்டது எதுவும் அவளைத் தாண்டிக் கீழே இறங்காது என்று அர்த்தம். வயதில் சின்னவர்கள் மரியாதையாகச் 'சல்லடை அக்கா' என்பார்கள்.

வயது நாற்பத்து நான்கு. இந்த வேலைக்கு முன்னால் பன்னிரண்டு வருடம் ஒரு சட்டைக் கம்பெனியில் தையல் சரிபார்க்கும் மேஜையில் நின்றாள். நின்றாள் என்றால் நின்றேதான். உட்கார நாற்காலி கிடையாது. ஒரு நாள் அந்தக் கம்பெனியை மூடினார்கள். மூன்று மாதக் கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்தாள். அங்கே பாடம் எடுத்தவர், "ஒரு இடத்துல ஆள் எடுக்குறாங்க, கேம் ஆடணுமாம்" என்று சொன்னபோது தன்னைக் கிண்டல் பண்ணுகிறார் என்றே நினைத்தாள். போனாள். ஒரு ஆட்டத்தைக் கொடுத்து அரைமணி நேரம் ஆடச் சொன்னார்கள். மற்றவர்கள் எல்லாம் மூன்றாவது கட்டத்துக்குப் போயிருந்தார்கள். இவள் முதல் அறையை விட்டே வெளியே வரவில்லை. அந்த ஒரு அறையில் மட்டும் பதினேழு தப்பு எழுதிக் கொடுத்தாள். அடுத்த திங்களே வேலையில் சேரச் சொன்னார்கள்.

தப்புக்கு அந்தத் தொழிலில் 'பக்' என்று பெயர். பக் ஒன்றைக் கண்டுபிடித்தால் பட்டியலில் எழுதி வைக்க வேண்டும். அதைத் 'திறப்பது' என்பார்கள். புரோகிராமர் சரிசெய்வார். சரியாகிவிட்டது என்று குறித்தால் அது 'மூடுவது'. முன்பெல்லாம் மூடுகிற வேலையை மேனேஜர்களே செய்தார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து, சரியானதா இல்லையா என்று ஏறிட்டுக்கூடப் பார்க்காமல், முப்பது நாற்பது என்று மூடித் தள்ளுவார்கள். பட்டியல் சின்னதாகும், மேலே இருப்பவர்களுக்கு வயிறு குளிரும். ஆட்டம் வெளியே போய் நாறினதும் "டெஸ்டர் என்ன பண்ணிட்டு இருந்தாங்க?" என்று கேட்பார்கள்.

இதை உடைத்தவள் சல்லடைதான். ஒரு ஆட்டம் அனுப்ப வேண்டிய நாளில், கடைசிச் சோதனை அறிக்கையில் கையெழுத்துப் போட டெஸ்டர்கள் ஆறு பேரும் மறுத்தார்கள். கத்தவில்லை, கோஷம் போடவில்லை. பேனாவை மூடி மேஜையில் வைத்தார்கள், அவ்வளவுதான். இரண்டு நாள் இழுத்தது. மூன்றாம் நாள் ஒரு விதியை எழுதி வாங்கினாள்: பக்கை யார் திறந்தாரோ அவர்தான் மூடுவார், சரியானதைத் தன் கண்ணால் பார்த்த பிறகு. மூடியவர் பெயர் பட்டியலில் நிற்கும். அங்கே அவள் பெயர் நின்றால் அவள் பார்த்துவிட்டாள் என்று பொருள்; புரோகிராமர்கள் அதற்கு மேல் கேள்வி கேட்க மாட்டார்கள். எட்டு வருடத்தில் அவள் சம்பாதித்தது என்று ஏதாவது இருந்தால் அது இதுதான்.

மூன்று வருடமாக அந்த ஆபீஸில் ஒரே ஆட்டம் தயாராகிக்கொண்டிருந்தது. கதை சிம்பிள். ஒன்பது தீவுகள். ஆடுகிறவர் ஒரு நில அளவையாளர். நடந்து நடந்து பார்த்து, ஒவ்வொரு தீவுக்கும் தன் கையால் வரைபடம் வரைய வேண்டும்; இடங்களுக்குத் தானே பெயர் வைக்க வேண்டும். சுடுவது வெட்டுவது எதுவும் இல்லை. தீவுக்குத் தீவு படகில்தான் போக முடியும். பழைய படகு, பதினோரு நிமிடம் எடுக்கும். ஆடுகிறவர்கள் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்து கடலைப் பார்க்கட்டும் என்று வேண்டுமென்றே அப்படி வைத்திருந்தார்கள். சல்லடைக்குக்கூட அந்த ஆட்டத்தின் மேல் கொஞ்சம் பிரியம் இருந்தது. வெளியே சொல்லிக்கொள்ள மாட்டாள்.

ஆட்டத்தைச் செய்கிறவர்கள் இந்த நாற்பது பேர். வெளியிட்டு விற்பது வேறு கம்பெனி. தேதி குறிப்பதும் அந்தக் கம்பெனிதான். அங்கிருந்து ஒருவர் வாரத்துக்கு இரண்டு முறை மீட்டிங் அறையின் திரையில் தோன்றுவார். நேரில் அவரைப் பார்த்தவர் யாரும் இல்லை, அதனால் 'திரைக்காரர்'. சிரித்த முகம். அவர் கேட்டார் என்று, நாலு பேர் சேர்ந்து ஆடுகிற மாதிரி ஆட்டத்தை மாற்ற ஐந்து மாதம் உழைத்தார்கள். பிறகு அவரே, "அது வேண்டாம், எடுத்துடலாம்" என்றார். எடுக்க இரண்டு மாதம். அந்த ஏழு மாதத்தை யாரும் திருப்பித் தரவில்லை. அதோடு விட்டாரா என்றால் இல்லை. இன்னொரு பெரிய கம்பெனியின் ஆட்டம் அதே சமயத்தில் வருகிறது என்று தெரிந்ததும் ரிலீஸ் தேதியை ஏழு வாரம் முன்னால் இழுத்தார்.

"ஏழு வாரம் எல்லாம் ஒரு விஷயமா? ஒரு ஓட்டம் ஓடினா முடிஞ்சிடும்" என்றார் திரையில்.

பின்வரிசையில் இருந்த ஒருவர், மைக் அணைந்திருக்கிறதா என்று நன்றாகப் பார்த்துவிட்டு, "ஓடுறது யாரு, உங்க தாத்தாவா?" என்றார்.

ஓடினார்கள். சனிக்கிழமை போனது, பிறகு ஞாயிற்றுக்கிழமை போனது. இரண்டு பேர் பாதியில் வேலையை விட்டார்கள். ஒருவர் நாற்காலியிலேயே மயங்கிச் சரிந்து ஆஸ்பத்திரிக்குப் போனார். அவருடைய வேலையை மற்ற மூன்று பேருக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டுத்தான் ஆம்புலன்ஸ் வந்ததா என்று கேட்டார்கள்.

அந்த ஓட்டத்தின் நடுவில் படகு பக் சிக்கியது. எப்போதோ ஒரு தடவை, ஆடுகிறவரின் வரைபடம் முழுசாகக் காலியாகிவிடுகிறது. ஒன்பது தீவும் வெள்ளைத்தாள். சேவ் செய்து வைத்தது எதுவும் மிஞ்சாது, முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஏன் நடக்கிறது, எங்கே நடக்கிறது என்று யாருக்கும் பிடிபடவில்லை. மூன்று வாரம் அதன் பின்னால் அலைந்தாள். மழையில் சேவ் செய்து பார்த்தாள், மலையுச்சியில் பார்த்தாள், கிணற்றுக்குள் இறங்கிப் பார்த்தாள். கடைசியில் நடுக்கடலில் பிடித்தாள். படகு கிளம்பிய நாலாவது நிமிடத்துக்கும் ஆறாவது நிமிடத்துக்கும் நடுவில் சேவ் செய்தால் போச்சு.

சேவ் பகுதியை எழுதிய புரோகிராமரிடம் போனாள். அவர் வாய்க்குள்ளேயே பேசுகிறவர். ஆபீஸில் அவருக்கு 'முனகல்' என்று பெயர்.

"நடுவுல என்னதான் தம்பி நடக்குது?"

"பின்னாடி இருக்குற தீவைக் கழட்டி, முன்னாடி இருக்குற தீவை மாட்டுறோம்கா. அந்த ரெண்டு நிமிஷம் எந்தத் தீவும் கையில இல்ல. அப்ப சேவ் பண்ணினா இல்லாததைத்தான் எழுதும்."

"வீடு மாத்துறப்ப சாமான் எல்லாம் லாரியில இருக்கு. அந்த நேரம் பார்த்து ஒருத்தன் கணக்கெடுக்க வந்து, இந்த வீட்டுல ஒண்ணுமே இல்லன்னு எழுதிட்டுப் போயிட்டான். அதானே?"

"அதேதான். போறப்ப பழைய கணக்கையும் கிழிச்சுப் போட்டுட்டுப் போறான்."

"சரி பண்ண எத்தனை நாள்?"

முனகல் விரலை மடக்கினார். "நாலு நாள். அதுல ஒரு நாள் நான் தூங்கணும்."

மேனேஜரிடம் போனாள். மேனேஜர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டாவது போகலாம். "மேல சொல்லிப் பார்க்குறேன்" என்பது அவருடைய நிரந்தர வசனம். அன்று நிஜமாகவே சொல்லிப் பார்த்தார். அவளையும் முனகலையும் மீட்டிங் அறைக்கே கூட்டிக்கொண்டு போனார்.

"படகுல போறப்ப யாருங்க சேவ் பண்ணப்போறாங்க?" என்றார் திரைக்காரர்.

"நான் பண்ணினேன் சார்."

"நீங்க டெஸ்டர்."

"வெளியில இருக்குறவங்க என்னைவிட மோசம் சார்."

திரைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். அவருக்கு அவளைப் பிடித்துப்போனது மாதிரிதான் இருந்தது. சிரித்து முடித்துவிட்டு, "நாலு நாள் எல்லாம் கிடையாது. படகுல ஏறினதும் சேவ் பட்டனை மறைச்சுடுங்க. பட்டன் இல்லன்னா சேவ் இல்ல, சேவ் இல்லன்னா பிரச்சினை இல்ல. அரை நாள் வேலை" என்றார்.

முனகல் ஏதோ முனகினார்.

"அவர் என்ன சொல்றார்?"

"சரிங்கிறார் சார்" என்றார் மேனேஜர்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த சல்லடைக்கு அது தெளிவாகக் கேட்டது. "பல்லு வலிக்குதுன்னா வாயைத் தைக்கச் சொல்றான்" என்றுதான் முனகல் சொன்னார்.

பட்டனை மறைத்தார்கள்.

ரிலீஸுக்கு ஆறு நாள் இருக்கும்போது திரைக்காரரின் கம்பெனியிலிருந்து ஒரு பட்டியல் வந்தது. தங்கள் பெயரில் வருகிற எல்லா ஆட்டங்களிலும் இருந்தே தீர வேண்டியவை என்று முப்பத்தொரு வரி. அதில் இருபத்து மூன்றாவது வரி: ஆட்டம் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாகவே சேவ் ஆக வேண்டும். மூன்று வருடத்தில் கேட்கத் தோன்றாததை ஆறு நாள் இருக்கும்போது கேட்டார்கள். முனகல் அதையும் செருகிக் கொடுத்தார். தூங்கி எத்தனை நாள் ஆயிற்று என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை.

கடைசி மூன்று நாளில் சல்லடை பெயரில் இருநூற்றுப் பன்னிரண்டு பக் திறந்து கிடந்தன. எல்லாம் மூடினால்தான் ஆட்டம் கிளம்பும். விதிப்படி அவள்தான் மூட வேண்டும். அடித்துப் பிடித்து வாங்கிய விதி, இப்போது திரும்பி அவள் கழுத்தைப் பிடித்தது. முன்பாவது மேனேஜர் மூடினார், பழி மேனேஜருக்கு. இப்போது பார்க்க நேரம் தராமல் பார்த்ததாகக் கையெழுத்து மட்டும் கேட்டார்கள்.

மேனேஜர் மணிக்கு ஒரு தடவை வந்து முதுகுக்குப் பின்னால் நிற்பார்.

"என்ன சார்?"

"ஒண்ணும் இல்லக்கா. எத்தனை இருக்குன்னு பார்த்தேன்."

"நீங்க பார்த்தா குறையுமா?"

"குறையாது."

"அப்ப போய்க் குடிக்கத் தண்ணி கொண்டாங்க."

கொண்டுவந்து வைத்துவிட்டு, மறுபடியும் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

இங்கே டெஸ்டர்களின் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த ஆபீஸில் படகில் முழுசாகப் போன டெஸ்டர் எவரும் இல்லை. ஒரு நாளைக்கு இருபது தடவை தீவு மாறுகிறவர்கள் ஒவ்வொரு தடவையும் பதினோரு நிமிடம் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியுமா? அவர்களுக்கென்று ஒரு ஷார்ட்கட் வைத்திருந்தார்கள். இரண்டு விசையைச் சேர்த்து அழுத்தினால் படகு எதிர்க்கரையில் நிற்கும். கடைக்குப் போகிற ஆட்டத்தில் அது இருக்காது, டெஸ்டருக்கு மட்டும். மூன்று வருடப் பழக்கம். படகில் கால் வைத்ததும் விரல் தானாக அந்த இரண்டு விசைக்குப் போய்விடும். அந்தப் பக்கைப் பிடித்த வாரத்தில் மட்டும்தான் அவள் ஷார்ட்கட்டைத் தொடாமல் படகில் உட்கார்ந்திருந்தாள், அதுவும் பிடித்த நிமிடம் வரைக்கும்.

படகு பக்கின் முறை வந்தபோது மதியம் மூன்று மணி. படகில் ஏறினாள். சேவ் பட்டனைத் தேடினாள், இல்லை. மெனுவுக்குள் போய்த் தேடினாள், அங்கேயும் இல்லை. இரண்டு விசையை அழுத்தினாள், எதிர்க்கரை வந்தது. இறங்கி வரைபடத்தைப் பார்த்தாள், பத்திரமாக இருந்தது. மூடினாள். நாற்பது விநாடி. இன்னும் நூற்று அறுபது பாக்கி இருந்தன. அன்று அவளிடம் பதினோரு நிமிடம் இல்லை.

சொன்ன தேதியில் ஆட்டம் கிளம்பியது. ஆபீஸில் கை தட்டினார்கள், பாதிப் பேர் உட்கார்ந்தபடியே.

அவள் கணவர் பஸ் டிரைவர். முழங்காலில் ஆபரேஷன் ஆகிப் பத்து வாரம் வீட்டில் கிடந்தார். காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு விட்டத்தைப் பார்க்கிற மனிதருக்கு ஏதாவது வேண்டாமா? ரிலீஸ் அன்று ஆபீஸில் எல்லோருக்கும் ஒரு பிரதி கொடுத்தார்கள். கொண்டுவந்து போட்டுக் கொடுத்தாள்.

இரண்டே நாளில் ஆள் விழுந்துவிட்டார். தீவு தீவாக வரைந்தார். பென்சில் பிடிக்கத் தெரியாதவர் கரையின் ஒவ்வொரு வளைவையும் திரும்ப நடந்து போய்ச் சரிபார்த்து வரைந்தார். இடங்களுக்கு அவர் வைத்த பெயர் எல்லாம் பஸ் ரூட்தான். 'டிப்போ', 'மெதுவாப் போ வளைவு', 'சில்லறை இல்ல மேடு'. நாலாவது தீவில் செங்குத்தாக ஏறுகிற ஒரு பாறைக்கு 'செகண்ட் கியர்' என்று வைத்திருந்தார். அவள் வேலையிலிருந்து வந்ததும் வராததுமாகக் காட்டுவார்.

"படகுல இவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்திருக்கீங்களே, உங்களுக்குப் போர் அடிக்கலையா?"

"இருபத்தாறு வருஷம் நான் ஊரையே ஏத்திக்கிட்டு ஓட்டினேன். இப்பதான் ஒருத்தன் என்னை உட்காரவச்சு ஓட்டுறான். நீ பேசாம இரு."

பன்னிரண்டாவது நாள், ஞாயிற்றுக்கிழமை. துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா."

"ம்."

"இங்க கொஞ்சம் வா. என் மேப்பை எங்க வச்ச?"

"நான் எதுக்கு உங்க மேப்பைத் தொடப்போறேன்?"

"அப்ப யாரு தொட்டா?"

வந்து பார்த்தாள். ஆறாவது தீவின் படகுத்துறை. திரையில் ஒரு வெள்ளைத்தாள் விரிந்திருந்தது. ஒரு கோடு இல்லை, ஒரு பெயர் இல்லை. அவள் கையில் இருந்த சட்டையை அப்படியே மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"படகுலயா வந்தீங்க?"

"பின்ன, இந்தக் காலோட நீந்தியா வந்தேன்?"

"நடுவுல எதையாவது அழுத்தினீங்களா? சேவ் எதாவது?"

"பட்டனே இல்லையே. மூலையில சின்னதா என்னமோ ஒண்ணு சுத்துச்சு. ரெண்டு சுத்து சுத்திட்டுப் போயிடுச்சு."

மூலையில் சுற்றியது தானாக நடக்கிற சேவ். இருபத்து மூன்றாவது வரி. சேவ் பட்டனை மறைத்தார்கள். பட்டன் இல்லாமல் தானாகச் சேவ் ஆவதை யாரும் தடுக்கவில்லை. பதினோரு நிமிடப் பயணத்தில் பத்து நிமிடக் கடிகாரம் எப்படியும் ஒரு தடவை அடிக்கும். அந்த நடு இரண்டு நிமிடத்தில் அடித்தால் தீர்ந்தது. ஒன்பது தீவுக்கு எட்டுப் பயணம். எட்டில் ஒன்றாவது அநேகமாக மாட்டும். கணக்குப் போட அவளுக்குப் பேப்பர் தேவைப்படவில்லை. ஆறு டெஸ்டரில் யாராவது ஒருவர், கடைக்குப் போகிற ஆட்டத்தை ஒன்றிரண்டு நாள் மனிதர் ஆடுகிற மாதிரி ஆடியிருந்தால் பிடித்திருப்பார்கள்.

"திரும்ப வருமா?"

"வராது."

"சரி விடு, விளையாட்டுதானே" என்றார். பிறகு உள்நோக்கம் எதுவும் இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான், "இது நீங்க யாரும் பார்க்காததா?" என்று கேட்டார்.

"நான் பார்த்ததுதான்" என்றாள். பட்டியலில் அப்படித்தான் இருந்தது.

திங்கட்கிழமை அவள் போகும்போதே முனகல் அதைச் சரிசெய்துகொண்டிருந்தார். முந்நூற்றுச் சொச்சம் புகார் வந்திருந்தன. நாலு நாள் வேலையை முழுசாகச் செய்ய இன்னும் நேரம் இல்லை, ஆனால் தானாகச் சேவ் ஆவதைப் படகில் மட்டும் நிறுத்தி வைக்க ஏழு வரி போதும் என்றார். மதியத்துக்குள் எழுதிவிட்டார். இந்த முறை சல்லடை ஷார்ட்கட்டைத் தொடவில்லை. எட்டுப் பயணத்தையும் முழுசாகப் போனாள். எண்பத்தெட்டு நிமிடம், கையைக் கட்டிக்கொண்டு கடலைப் பார்த்தாள். வரைபடம் அசையவில்லை.

சாயங்காலம் மீட்டிங்.

"அருமையான வேலை. இதை அடுத்த தொகுப்புல சேர்த்து அனுப்பிடலாம்" என்றார் திரைக்காரர். "திருத்தம் எல்லாம் மொத்தமாத்தான் போகும். மூணு வாரம்."

"மூணு வாரத்துல இன்னும் எத்தனை பேரோட மேப் அழியும் சார்?" என்றாள்.

"அதுக்குத்தான் சீக்கிரமா மூணு வாரம்."

"அதுவரைக்கும் படகுல ஏற வேண்டாம்னு ஒரு வரி மட்டும் போட்டுடலாமா?"

"காசு கொடுத்து வாங்கினவங்ககிட்ட ஏறாதீங்கன்னு சொன்னா, அப்புறம் எதுக்கு வித்தீங்கன்னு கேட்பாங்க."

"கேட்கட்டுமே சார்."

மேஜைக்குக் கீழே மேனேஜரின் கால் அவள் காலைத் தட்டியது. வலித்தது. அவர் முகத்தைப் பார்த்தாள், கெஞ்சிக்கொண்டிருந்தது.

அந்த மூன்று வாரம் டெஸ்டர்களை எல்லாம் புகாருக்குப் பதில் அனுப்ப உட்காரவைத்தார்கள். சொந்தமாக எதுவும் எழுத முடியாது. ஐந்து பதில் தயாராக இருக்கும், ஐந்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் வேலை. உங்கள் அனுபவத்துக்கு வருந்துகிறோம். உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம். இப்படி. எழுதுகிறவர்கள் திட்டினால்கூடத் தேவலை. ஒருவர் தன் வரைபடத்தைச் சுவரில் மாட்டப் படமெடுத்து வைத்திருந்ததாகச் சொல்லி அதை அனுப்பியிருந்தார், அதிலிருந்து மீட்க முடியுமா என்று. முடியாது. அதற்கும் அந்த ஐந்தில் ஒன்றுதான்.

ஆட்டம் தானே தன்னை அழித்துக்கொள்கிறது என்று பத்திரிகைகளில் எழுதினார்கள். அதைப் படித்தவர்கள் வாங்கவில்லை. வாங்காததால், இவ்வளவு குறைவாக விற்கிற ஆட்டத்துக்குத் திருத்தத் தொகுப்பு எதற்கு என்று திரைக்காரரின் கம்பெனி யோசிக்க ஆரம்பித்தது. மூன்று வாரம் என்றது முதலில் ஐந்து வாரம் ஆனது.

ஐந்தாவது வாரம் மேனேஜர் அவளிடம் ஒரு படிவத்தைக் கொண்டுவந்தார். திரைக்காரரின் கம்பெனிக்குக் காரணம் வேண்டுமாம். பக்கை மூடியவர் என்ற இடத்தில் அவள் பெயர் ஏற்கெனவே அச்சாகியிருந்தது. தவறு நேர்ந்த காரணம் என்று ஐந்து கட்டம். கவனக்குறைவு, பயிற்சிக் குறைவு, கருவிக் கோளாறு, விதியை மீறியது, வேறு.

"தேதியை முன்னால இழுத்ததுக்கு எங்க சார் கட்டம்?"

"அது 'வேறு'ல வரும்கா."

"அப்ப 'வேறு' போடுறேன்."

மேனேஜர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "போட்டீங்கன்னா அதுக்கு நான் விளக்கம் எழுதணும். நான் எழுதினா அது அவருக்குப் போகும். அடுத்த ஆட்டத்தை நமக்குத் தரலாமா வேண்டாமான்னு இந்த மாசம்தான் பேசிட்டு இருக்காங்க. தரலன்னா நாப்பது பேரும் வீட்டுக்கு."

"தந்தா?"

"தந்தா மறுபடி ஓடலாம்."

சிரிக்க வேண்டும் என்று சொன்னாரா என்று தெரியவில்லை. இருவரும் சிரிக்கவில்லை.

"நான் பார்க்காம மூடினேன் சார். அது நிஜம். ஆனா பார்க்க விடலயே."

"எனக்குத் தெரியும்கா."

"உங்களுக்குத் தெரிஞ்சு என்ன பிரயோஜனம்?"

"ஒரு பிரயோஜனமும் இல்லக்கா."

'பயிற்சிக் குறைவு' என்பதில் குறி போட்டாள். எட்டு வருடம் பார்த்தவளுக்குப் பயிற்சி போதவில்லை. மறுவாரம் ஆறு டெஸ்டர்களுக்கும் இரண்டு மணி நேர வகுப்பு நடந்தது. கவனமாகப் பார்ப்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்தார்கள். வகுப்பு முடிந்து இருக்கைக்கு வருவதற்குள் ஒரு வரி மெயில் வந்திருந்தது. இனி பக் மூடும் பொறுப்பு மேனேஜர்களுடையது.

பக்கத்து இருக்கைப் பெண் அதைப் படித்துவிட்டு அவள் பக்கம் சாய்ந்தாள். "அக்கா, முன்ன மாதிரி பேனாவை மூடிவச்சுடலாமா?"

"உன் ஒப்பந்தம் என்னைக்கு முடியுது?"

"மாசக் கடைசி."

"உன் பக்கத்துல இருக்கவனுக்கு?"

"அவனுக்கும் அதான். மூணு பேருக்குக்கா."

"முதல்ல உங்களுக்குப் புது ஒப்பந்தம் வரட்டும்" என்றாள் சல்லடை. ஆறு பேரில் மூன்று பேர் மாதக்கணக்கில் தொங்குகிற ஆட்கள் என்று ஆனபிறகு எதை மூடிவைக்க?

வீட்டில் கணவர் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியிருந்தார். முதல் தீவை வரைந்து முடித்துவிட்டு, படகுத்துறையில் ஆளை நிறுத்திவைத்திருந்தார். ஏறவில்லை. திருத்தம் வந்ததும் ஏறலாம் என்று அவள்தான் சொல்லியிருந்தாள். தினமும் "வந்துடுச்சா?" என்பார், காலை நீட்டி மடக்கியபடி.

ஏழாவது வாரம் செய்தி வந்தது. திருத்தத் தொகுப்பு கிடையாது. விற்பனை அதற்குத் தகுதியாக இல்லை. முனகலை அடுத்த ஆட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள். அவர் எழுதிய ஏழு வரி அவருடைய பழைய கம்ப்யூட்டரில் கிடந்தது, சோதித்து, சரிபார்த்து, எங்கேயும் போகாமல்.

"வராதா?" என்றார் கணவர்.

"வராது."

"ஏழு வரிதானே எழுதணும்னு சொன்ன?"

"எழுதியாச்சு. எட்டு தடவை நான் போய்ப் பார்த்தாச்சு."

"அப்புறம் என்ன?"

கேட்டுவிட்டு அவரே ஆட்டத்தை அணைத்தார். அடுத்த வாரம் டாக்டர் அனுமதி கொடுத்தார், டியூட்டிக்குப் போய்விட்டார்.

புகார்கள் குறைந்தன, நிற்கவில்லை. நாளுக்கு ஏழெட்டு வந்துகொண்டேயிருந்தன. ஒரு புதன்கிழமை காலை ஒரு பெண் எழுதியிருந்தார். எட்டாவது தீவில் எல்லாம் போய்விட்டதாம். திட்டவில்லை. 'பரவாயில்லை, எனக்கு இந்த ஆட்டம் ரொம்பப் பிடித்திருக்கிறது, மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம் என்று இருக்கிறேன், இந்த முறை அழியாது இல்லையா, அதை மட்டும் சொல்லுங்கள்' என்று கேட்டிருந்தார்.

சல்லடை ஐந்து பதிலையும் ஒன்றுக்கு இரண்டு முறை படித்தாள். மறுபடியும் அழியலாம் என்று சொல்கிற பதில் ஐந்தில் எதுவும் இல்லை. மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தாள். உங்கள் பயணம் இனிதே தொடர வாழ்த்துகிறோம் என்று இருந்தது அதில். அனுப்பினாள்.